ஜூலியஸ் வேட்டீஸ் வேரிங்

ஜூலியஸ் வேட்டீஸ் வேரிங் (27 சூலை 1880 – 11 சனவரி 1968) ஐக்கிய அமெரிக்காவின் தென் கரொலைனா மாநிலத்தைச் சேர்ந்த கூட்டாட்சி மாவட்ட நீதிமன்ற நீதிபதி ஆவார். பள்ளிகளில் நிலவிய இனப் பாகுபாட்டுக்கு எதிராக 1951-இல் இவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பினால் நினைவுகூரப்படுகிறார்.

சார்ல்ஸ்டன் நகரின் பழங்குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் கூட்டமைப்பின் பக்கம் நின்று போரிட்டவர். வேரிங் 1902-இல் வழக்கறிஞரானார். பின்னர் நகராட்சியின் சட்ட ஆலோசகராக இருந்தார். வெள்ளையர் மேலாதிக்கவாதியான செனட்டர் எல்லிசன் ஸ்மித்துக்காக 1938-இல் தேர்தல் பணியாற்றியவரும் இவரே. 1942-இல் குடியரசுத் தலைவர் பிராங்கிளின் ரூசவெல்ட்டின் நியமனத்தால் நீதிபதியானபோது, இவரிடம் யாரும் புரட்சியை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

1945-இல் முதல் மனைவியை மணமுறிவு செய்து, வடமாநிலத்தவரான எலிசபெத் ஏவெரியை மணந்தார். மணமுறிவுக்கே சட்டம் இடம்தராத மாநிலம் அது. ஊரார் ஒதுக்கியதால் எழுந்த கோபமே இவரது தீர்ப்புகள் என்று பலர் பேசினர். ஆனால் கறுப்பின ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் வழங்கும் ஆணையை இவர் பிறப்பித்தது அதற்கு முந்தைய ஆண்டான 1944-இல்.

1946 பிப்ரவரியில், படையிலிருந்து விடுவிக்கப்பட்டுச் சீருடையுடன் பேருந்தில் ஊர் திரும்பிய ஐசக் வுடார்டு என்ற கறுப்பின வீரர், காவல் தலைவர் ஒருவர் அடித்ததில் இரு கண்களையும் இழந்தார். வழக்கு வேரிங் முன் வந்தது. வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு, அரை மணி நேரத்திற்குள் காவல் தலைவரை விடுவித்தது. வேரிங் தம்பதியரை இது ஆழமாகப் பாதித்தது.

தென் கரொலைனாவில் அப்போது சனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வுத் தேர்தலில் வென்றவரே பொதுத் தேர்தலிலும் வெல்வார். அதில் கறுப்பினத்தவருக்கு வாக்கில்லை. இத்தகைய விலக்கை உச்ச நீதிமன்றம் 1944-இல் செல்லாதென்றதும், மாநிலம் அத்தேர்தல் தொடர்பான சட்டங்களையெல்லாம் நீக்கி, கட்சியைத் தனியார் மன்றம் போலக் காட்டியது. ஜார்ஜ் எல்மோர் தொடுத்த வழக்கில் வேரிங் 1947-இல் இந்தத் தந்திரத்தை ஏற்க மறுத்தார். மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது. இவர் வீட்டின் மீது கல்லெறிந்தனர். பதவியைப் பறிக்க மாநில அரசியலர் முயன்றனர். கூட்டாட்சி நீதிபதியின் பதவி ஆயுட்காலத்துக்கானது என்பதால் அது நடக்கவில்லை.

கிளாரெண்டன் கவுண்டியில் கறுப்பினப் பெற்றோர் முதலில் கேட்டது தம் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிப் பேருந்து. அது பின்னர் சமமான பள்ளிகளுக்கான வழக்காக வளர்ந்தது. வசதிகளில் சமத்துவம் கேட்பதை விடுத்துப் பாகுபாட்டையே எதிர்க்குமாறு வழக்கறிஞர் தர்குட் மார்ஷலை 1950-இல் வேரிங் தூண்டினார். அப்படித் தொடுத்தால் மூன்று நீதிபதிகள் அமர வேண்டும், தாம் தோற்கக்கூடும் என்பது அவருக்குத் தெரியும். நடந்ததும் அதுவே: 1951-இல் மற்ற இருவரும் பாகுபாட்டை ஏற்றனர். பிரித்து வைப்பதே சமமின்மைதான் என்று வேரிங் தனியே எழுதினார். 1954 மே 17-இல் உச்ச நீதிமன்றம், இவ்வழக்கும் சேர்ந்திருந்த பிரவுன் வழக்கில், ஒருமனதாக அதே முடிவுக்கு வந்தது.

அதற்குள் வேரிங் 1952-இல் முழுநேரப் பணியிலிருந்து விலகி நியூயார்க்கில் குடியேறியிருந்தார். அங்கேயே காலமானார். சார்ல்ஸ்டனில் நடந்த அடக்கத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். வெள்ளையர் ஒரு சிலரே. 2015-இல் அந்நகரின் கூட்டாட்சி நீதிமன்ற வளாகம் வேரிங் பெயருக்கு மாற்றப்பட்டது. அதுவரை அது முன்னாள் செனட்டர் எர்னஸ்ட் ஹாலிங்ஸ் பெயரில் இருந்தது. தம் பெயரை எடுத்துவிட்டு வேரிங் பெயரைச் சூட்டும்படி கேட்டவர் ஹாலிங்ஸேதான்.