ஏ, பி, சி, டி: ஏ.எம். வானொலியின் இரவுகள்

அமெரிக்காவில் ஏ.எம். வானொலி நிலையங்களை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ வகைக்கு 10 முதல் 50 கிலோவாட். பி வகைக்கு 250 வாட் முதல் 50 கிலோவாட். சி வகைக்கு 250 வாட் முதல் 1 கிலோவாட். டி வகை பகலில் 50 கிலோவாட் வரை போகலாம். இரவில் 250 வாட்டுக்கும் கீழே, இல்லையென்றால் மௌனம். பொறியாளனான எனக்கு இந்த மாதிரி அட்டவணைகளோடுதான் பொழுது போகிறது. ஆனால் இதில் ஒன்று உறுத்தியது. ஏ, பி, டி மூன்றுக்கும் உச்ச வரம்பு அதே 50 கிலோவாட். அப்புறம் எதை வைத்துப் பிரித்தார்கள்?

இரவை வைத்து.

மின்னல் எஃப்.எம்., ஒலி 96.8 கேட்டு வளர்ந்த நமக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். பொழுது சாய்ந்தால் எஃப்.எம். வேறு ஊருக்குப் போய்விடாது. ஏ.எம். போகும். பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு ஏ.எம். அலைகளை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோக, அலைகள் இன்னும் மேலே ஏறி, அங்கே எதிரொலித்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்கூட இறங்கும். அங்கே அதே அலைவரிசையில் வேறொரு நிலையம் பேசிக்கொண்டிருந்தால் இரண்டுமே கரகரப்பாகிவிடும். ஆகவே யாராவது வாயை மூடத்தான் வேண்டும். யார் என்பதுதான் கேள்வி.

1928 நவம்பரில் அமலுக்கு வந்த ‘பொது ஆணை 40’ இதற்கு முதல் பதிலைச் சொன்னது. நாட்டை ஐந்து மண்டலங்களாக்கி, மண்டலத்துக்கு எட்டு என 40 அலைவரிசைகளைத் தனியே ஒதுக்கினார்கள். இரவில் அவை ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பெரிய நிலையம். அதற்கு நியாயமும் இருந்தது. உள்ளூர் நிலையமே இல்லாத பண்ணை வீடுகளுக்குத் தூரத்து நகரத்தின் குரல்தான் செய்தி, வானிலை, பாட்டு எல்லாம்.

ஆனால் இடம் கிடைத்தவர்கள் அதோடு நிற்கவில்லை. சின்சினாட்டியின் டபிள்யூ.எல்.டபிள்யூ. நிலையத்தை நடத்திய பவல் கிராஸ்லி, பரிசோதனை அனுமதி வாங்கி 500 கிலோவாட் ஒலிபரப்பியைக் கட்டினார். 1934 மே 2 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் பொத்தானை அழுத்தித் தொடங்கிவைத்தார். 700 கிலோஹெர்ட்சில் அது பேசினால் பக்கத்து 690-இல் இருந்த டொரன்டோ நிலையம் அடிபட்டது. சிறிய நிலையங்களும் விளம்பர வருமானம் போய்விடும் என்று அஞ்சின. 1938-இல் அமெரிக்க செனட், 50 கிலோவாட்டுக்கு மேல் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. 1939 மார்ச் 1-ஆம் தேதி டபிள்யூ.எல்.டபிள்யூ. மறுபடி 50 கிலோவாட்டுக்கு இறங்கியது. இன்றைய அட்டவணையிலும் வரம்பு அதே 50தான்.

1941 மார்ச் 29-இல் அமலான வட அமெரிக்க ஒப்பந்தம் இந்த வரிசையை அண்டை நாடுகளோடும் சேர்த்து உறுதியாக்கியது. இரவில் அலைவரிசையைத் தனியாக ஆள்பவர்கள் ஒன்று-ஏ; திசை பார்த்து அனுப்பும் ஆண்டெனாக்களோடு பகிர்ந்துகொள்பவர்கள் ஒன்று-பி. அவர்களுக்குக் கீழே மற்றவர்கள். கடைசியில், சூரியன் மறைந்ததும் கடையைச் சாத்தவேண்டிய பகல் நிலையங்கள்.

மெம்பிஸ் நகரத்தின் டபிள்யூ.டி.ஐ.ஏ. அப்படியொரு பகல் நிலையம். 250 வாட்தான். உரிமையாளர்கள் வெள்ளையர்கள். 1948 அக்டோபரில் நாட் டி. வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பள்ளி ஆசிரியரை அவர்கள் ஒலிவாங்கி முன் உட்காரவைத்தார்கள். சீக்கிரமே அது முழுக்க முழுக்கக் கறுப்பின மக்களுக்கான நிலையமானது; நாட்டிலேயே அதுதான் முதல். இளம் பி.பி. கிங் அங்கே அறிவிப்பாளராக இருந்தார். வில்லியம்ஸ் பள்ளி வேலையை விடவில்லை. வகுப்பு முடிந்து மாலையில் நிலையத்துக்கு வருவார். டிசம்பரில் மெம்பிஸில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். தங்கள் குரல் வானொலியில் வருமா என்று அத்தனை காலம் காத்திருந்தவர்களுக்கு, வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் அந்தக் குரல் இல்லை. 1954-இல் அந்த நிலையம் 1070 கிலோஹெர்ட்சுக்கு மாறி 50 கிலோவாட் பெற்றபோதுதான் இரவும் கிடைத்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நாஷ்வில்லின் டபிள்யூ.எல்.ஏ.சி. 50 கிலோவாட் நிலையம். இரவுகளில் ரிதம் அண்ட் ப்ளூஸ் ஒலிபரப்பியது. உள்ளூரில் அந்த இசைக்கு இடமில்லாத தென்மாநிலச் சிற்றூர்களில், கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் அதைத்தான் கேட்டார்கள். அந்தப் பெரிய நிலையத்தை இரவில் அடக்கியிருந்தால் அவர்களுக்கு எதுவும் கிடைத்திருக்காது. எனவே ‘பெரிய நிலையம் அநியாயம், சிறிய நிலையம் நியாயம்’ என்று என்னால் சுலபமாகச் சொல்லிவிட முடியவில்லை.

1980-இல் ஆணையம் ஒரு நடுவழியைத் தேர்ந்தது. பெரிய நிலையங்களின் இரவுப் பாதுகாப்பை ஏறக்குறைய 750 மைல் ஆரத்தோடு நிறுத்தி, அதற்கு வெளியே புதிய நிலையங்களுக்கு இடம் கொடுத்தது. எனக்கு இது சரியென்றே படுகிறது. 1928-இல் தனிமைப் பண்ணை வீட்டுக்குக் கொடுத்த பாதுகாப்பு, அந்த வீட்டைச் சுற்றி ஊர்கள் வளர்ந்த பிறகும் அப்படியே நீடித்தால் அது யாரைக் காக்கிறது?

வானொலியில் தமிழுக்கு எத்தனை மணி நேரம் என்று எண்ணிப் பழகிய சமூகம் நம்முடையது. அதனால்தான் அந்த அட்டவணையின் கடைசி வரியில், டி என்ற எழுத்தில் என் கண் நின்றது. அந்த வகையில் இன்றும் சில நிலையங்கள் மாலையானதும் நேயர்களிடம் விடைபெற்று ஒலிபரப்பியை அணைத்துவிடுகின்றன.