ஆங்கிலத்தில் கருத்து வேறுபாடும் முன்னிடைச்சொற்களும்

கருத்து வேறுபாட்டை ஆங்கிலத்தில் எழுதும்போது யாரோடு வேறுபாடு, எதைக் குறித்து, எதிலிருந்து விலகல் என்பதை முன்னிடைச்சொற்கள் காட்டுகின்றன. தமிழில் இந்த வேலையை வேற்றுமை உருபுகள் செய்கின்றன. இவை இரண்டும் எப்போதும் நேருக்கு நேர் பொருந்துவதில்லை. பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன.

எதிர்ப்பும் ஆட்சேபமும்

அரியலூர் மாவட்டத் திருமானூர் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ளது. ஆற்றில் மணல் குவாரி வேண்டாம் என்று இங்கிருந்து ஆட்சியருக்கு ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதுவதாகக் கொள்வோம். ‘குவாரியை எதிர்க்கிறோம்’ என்பதற்கு ‘வி அப்போஸ் த குவாரி’ போதும். ‘குவாரிக்கு எதிர்ப்பு’ என்ற நினைப்பில் ‘அப்போஸ் டு’ என்றோ ‘அப்போஸ் எகென்ஸ்ட்’ என்றோ எழுதுவது பிழை. ஆனால் ‘வி ஆர் அப்போஸ்ட் டு த குவாரி’ என்னும் தொடரில் ‘டு’ கட்டாயம். ஆட்சேபிப்பதைக் குறிக்கும் ‘ஆப்ஜெக்ட்’ என்ற வினையும் ‘டு’வையே கேட்கும்.

உடன்படாமை

‘டிஸ்அக்ரீ’ என்ற வினைக்கு ஆளோடும் கருத்தோடும் ‘வித்’ வரும். விவகாரத்துக்கு ‘ஆன்’, ‘அபவுட்’, ‘ஓவர்’ வரும். ‘வி டிஸ்அக்ரீ வித் தி இன்ஜினியர் ஆன் த டெப்த்’ என்றால் பொறியாளரோடு, தோண்டும் ஆழத்தைக் குறித்து, உடன்படவில்லை என்று பொருள். ஒரு திட்டத்துக்கு இசைவதை ‘அக்ரீ டு’ என்பார்கள். அதைப் பார்த்து ‘டிஸ்அக்ரீ டு’ என்று எழுதுவது இன்றைய வழக்கில் இல்லை.

‘டிஃபர் ஃப்ரம்’ என்பது பெரும்பாலும் ஒன்று மற்றொன்றைப் போல் இல்லாததையும், ‘டிஃபர் வித்’ என்பது ஒருவரோடு கருத்து மாறுபடுவதையும் குறிக்கும்.

வழக்கும் தீர்ப்பும்

காவிரித் தகராறைப் பற்றிய ஆங்கிலச் செய்திகளில் மாநிலங்களுக்கு ‘பிட்வீன்’, தண்ணீருக்கு ‘ஓவர்’ என்ற அமைப்பு பழக்கமானது. மாநிலங்களிடையிலான ஆற்றுநீர்த் தகராறுகளைக் கையாளும் அரசமைப்புச் சட்டத்தின் 262ஆம் உறுப்பு, ‘வித் ரெஸ்பெக்ட் டு’ என்ற சட்டநடையைக் கையாள்கிறது.

நீதிபதி பெரும்பான்மைத் தீர்ப்பிலிருந்து மாறுபட்டால் ‘டிஸென்ட் ஃப்ரம்’. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், ஜபல்பூர் ஆட்கொணர்வு வழக்கில் ஐவர் அமர்வின் நான்கு நீதிபதிகளிடமிருந்து எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். இதை எழுத ‘டிஸென்டட் ஃப்ரம் த மெஜாரிட்டி’ என்பதே சரி. தமிழின் ‘இலிருந்து’ இங்கே அப்படியே பொருந்துகிறது.

‘புரொட்டஸ்ட்’ நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவிலும் பிரிட்டனிலும் முடிவை எதிர்த்துப் போராடுவதற்கு ‘எகென்ஸ்ட்’ சேர்ப்பது வழக்கம்; அமெரிக்கர்கள் அது இல்லாமலும் எழுதுவார்கள்.

வினையை மட்டும் மனப்பாடம் செய்வதால் பயன் குறைவு. அதனோடு வரும் முன்னிடைச்சொல்லையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஐயம் எழுந்தால் அகராதியில் பொருளோடு நின்றுவிடாமல் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் பார்த்துவிட்டு மனுவில் கையெழுத்திடுங்கள்.