காலவரையறைச் சட்டம், 1963

இந்தியாவில் உரிமையியல் வழக்கை எத்தனை காலத்துக்குள் தொடுக்க வேண்டும் என்று வகுக்கும் மத்தியச் சட்டம் இது. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 1964 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கெடு தாண்டிய வழக்கை, பிரதிவாதி ஆட்சேபிக்காவிட்டாலும், நீதிமன்றமே தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது 3ஆவது பிரிவு.

அவதூறுக்கு நட்டஈடு கேட்க 1 ஆண்டு. கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோர 3 ஆண்டு. உரிமைமூலத்தின் பேரில் நிலத்தின் சுவாதீனம் கேட்க 12 ஆண்டு. அரசு தொடுக்கும் பெரும்பாலான வழக்குகளுக்கு 30 ஆண்டு.

கெடு எத்தனை ஆண்டு என்பதைவிட, எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கேட்கும்போது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, பணத்தைத் திருப்பிக் கேட்ட நாளிலிருந்து அல்ல, நோட்டு எழுதிய நாளிலிருந்தே 3 ஆண்டு ஓடுகிறது. அது முடிவதற்குள் கடன்பட்டவர் ஒரு சிறு தொகை கொடுத்து, நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்ட கடிதமும் போதும். காலம் கடந்தபின் வைக்கும் வரவு கெடுவைப் புதுப்பிக்காது. ஆனால் பழைய கடனைத் தருவதாகப் புதிதாக எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழி, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லும்.

கெடு முடிந்தாலும் கடன் அழிவதில்லை. வசூலிக்கும் வழிதான் அடைபடுகிறது. நிலத்தின் கதி கடுமையானது. சுவாதீனம் கேட்கும் கெடு கடந்தால் 27ஆவது பிரிவின்படி உரிமையே அற்றுப்போகும். எதிரிடை அனுபவத்தால், அதாவது உரிமையாளருக்கு எதிராக நிலத்தைத் தம் வசம் வைத்து அனுபவித்து வந்ததால், அந்த உரிமையைப் பெற்றவர், தாமே வாதியாக வந்தும் அதை நிலைநாட்டலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளியூரில் இருந்துகொண்டு நிலத்தைப் பிறர் கையில் விட்டவர்கள் அவசியம் அறிய வேண்டியது இது.

வழக்குரிமை எழும்போதே மைனராக இருந்தவருக்கு, 18 வயது நிறைந்த பிறகே கெடு தொடங்கும். ஆனால் இந்தச் சலுகை அதன்பின் 3 ஆண்டுக்கு மேல் நீளாது. மோசடியால் மறைக்கப்பட்ட விஷயத்தில், அது தெரியவந்த நாளே கணக்கு. கடைசி நாள் நீதிமன்ற விடுமுறையில் விழுந்தால், திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம்.

தாமதத்தை மன்னிக்கும் 5ஆவது பிரிவு மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும் மட்டுமே உரியது; அசல் வழக்குக்கு இல்லை, காரணம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும். கொரோனா காலத்தில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான நாட்களைக் கெடுக் கணக்கிலிருந்து நீக்க வேண்டியிருந்தது.