ஹெர்மிஸ் (மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய போர்க்கப்பல்)

விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட முதல் கப்பல் ஹெர்மிஸ். கட்டுமானம் 1918இல் தொடங்கியும் பிரிட்டிஷ் கடற்படையில் சேர 1924 ஆகிவிட்டது. அதற்குள் ஜப்பானின் ஹோஷோ என்ற விமானந்தாங்கிக் கப்பல் பணியில் சேர்ந்து முந்திக்கொண்டது. 1942 ஏப்ரல் 9 அன்று, தன் விமானங்களைக் கரையில் விட்டுவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஹெர்மிஸை ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. 307 பேர் இறந்தனர். பிழைத்தவர்களில் பெரும்பாலோரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் மீட்டது. கப்பல் இன்று சுமார் 53 மீட்டர் ஆழத்தில் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது.

போர்க்காலக் கப்பல்களைத் தேடி முக்குளிப்பதில் அபாயம் என்றாலே வடகடல்களின் குளிரைச் சொல்வதுண்டு. வெப்பக் கடலில் கிடக்கும் ஹெர்மிஸ் அதனால் எளிது என்று நினைத்தால் தவறு. ஒப்பிட்டுப் பாருங்கள்: கல்குடாவுக்கு அருகே கிடக்கும் ‘பிரிட்டிஷ் சார்ஜென்ட்’ என்ற எண்ணெய்க் கப்பலும் அதே நாளில், அதே தாக்குதலில் மூழ்கியதுதான். ஆனால் அதன் ஆழம் ஏறத்தாழ 24 மீட்டர்தான். பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு வழக்கமான எல்லை 40 மீட்டர் என்பதால், தக்க பயிற்சி உள்ளவர் சாதாரணக் காற்று சிலிண்டருடன் அங்கே இறங்கலாம். ஹெர்மிஸுக்கு அது போதாது. குளிர் கூடுதல் சுமைதான். விதிகளை எழுதுவது ஆழம். குளிர் மூச்சுக்காற்றைத் தரும் ரெகுலேட்டரை உறையவைக்கும், விரல்களை மரத்துப்போகச் செய்யும், மேலேறும்போது உடலிலிருந்து நைட்ரஜன் வெளியேறுவதையும் தாமதப்படுத்தும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அவற்றுக்குப் பெருமளவு கருவி உண்டு. 1942இல் பேரன்ட்ஸ் கடலில் மூழ்கிய எடின்பரோ கப்பலின் 465 தங்கக் கட்டிகளில் 431ஐ 1981இல் 245 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்தவர்கள், மேலிருந்து குழாய் வழியே வெந்நீர் பாயும் உடை அணிந்திருந்தார்கள். குளிருக்கு அந்த உடை போதும். அழுத்தத்துக்கோ ஹீலியம் கலந்த வாயு, கப்பல்மேல் அழுத்த அறையிலேயே நாட்கணக்கில் வாசம் என்று வேலை முறையையே மாற்ற வேண்டியிருந்தது.

சாதாரணக் காற்றை மட்டுமே சுவாசித்து ஹெர்மிஸைப் பார்த்துத் திரும்பியவர்கள் இல்லையா என்று கேட்கலாம். கணக்கும் முதல் பார்வையில் அவர்கள் பக்கம்தான்: 53 மீட்டரில் மொத்த அழுத்தம் சுமார் 6.3 பார், ஆக்சிஜனின் பங்கு 1.32 பார், அதாவது வழக்கமான 1.4 என்ற வரம்புக்குள். சிக்கல் மற்ற வாயுவில். நைட்ரஜனின் பங்கு 5 பாரை எட்டும்போது போதை தலைக்கேறி, முடிவெடுக்கும் திறன் மங்குகிறது. மங்கியது மங்கியவருக்கே தெரிவதில்லை. காற்றின் அடர்த்தி லிட்டருக்கு 8 கிராமை நெருங்குகிறது. 6.2 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இன்றைய பரிந்துரை, ஏனென்றால் கனத்த காற்றை இழுத்துவிடும் உழைப்பில் கரியமில வாயு உடலில் தேங்கும். ஆகவேதான் ஹீலியம் சேர்ந்த ட்ரைமிக்ஸ் என்ற வாயுக்கலவை வேண்டும் என்கிறார்கள், செலவு எவ்வளவானாலும். அது இருந்தாலும் அடியில் கழித்த அரைமணிக்கு ஈடாக, மேலேறும் வழியில் அதைவிட நீண்ட நேரம் கட்டம் கட்டமாக நிற்க வேண்டும். வெதுவெதுப்பான நீர் அந்தக் காத்திருப்பை வசதியாக்கலாம், தவிர்க்க உதவாது.