அலைவரிசை 9



எங்கள் வகுப்புப் பெற்றோருக்கென இரண்டு புலனக் குழுக்கள் உள்ளன. முதலாவதில் வீட்டுப்பாடம், போட்டி விளையாட்டு, பிறந்தநாள் வாழ்த்து, பூப்படத்துடன் காலை வணக்கம் என எல்லாம் வரும். இரண்டாவதன் பெயர் 'அலைவரிசை 9'. அதில் ஒன்றும் வராது. புதிதாக இணையும் பெற்றோர் ஆண்டுதோறும் என்னிடம் கேட்பவை இரண்டே கேள்விகள். ஏன் இப்படியொரு பெயர்? ஒன்றுமே வராத குழு எதற்கு? ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்கிச் சலித்துவிட்டபடியால் இங்கே எழுதிவைக்கிறேன். விடை நம் நாட்டில் இல்லை; 1970-களின் அமெரிக்காவில் இருக்கிறது.

டொரான்டோவில் பிறந்து அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வளர்ந்த ஆல் கிராஸ் என்பவர், 1938-இல் தம் இருபதாம் வயதில், கையில் ஏந்திச் செல்லத்தக்க இருவழி வானொலி ஒன்றை உருவாக்கினார். இன்று நாம் வாக்கி டாக்கி என்கிறோமே, அதன் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. இரண்டாம் உலகப் போரில், எதிரி நிலத்திலுள்ள உளவாளி மேலே பறக்கும் வானூர்தியுடன் பேசுவதற்கான கருவியை அமைப்பதில் அவர் பங்குகொண்டார். படக்கதைப் பிரியர்களுக்கு ஒரு செய்தி: துப்பறியும் டிக் டிரேசி தம் மணிக்கட்டில் கட்டியிருந்த வானொலிக் கடிகாரம், கிராஸின் பட்டறையைப் பார்த்துவிட்டு வந்த ஓவியர் செஸ்டர் கோல்டின் கற்பனை.

போர் முடியும் தறுவாயில், 1945-இல், எஃப்.சி.சி. எனப்படும் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் பொதுமக்களும் தமக்குள் பேசிக்கொள்ள வானலையில் ஓர் இடம் ஒதுக்கலாம் என முடிவெடுத்தது. அதுவரை வானலை என்பது படைக்கும், காவலுக்கும், கப்பலுக்கும், ஒலிபரப்பு நிலையங்களுக்கும், தேர்வெழுதி உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்க்கும் மட்டுமே உரியது. சாதாரணக் குடிமகனுக்கும் அதில் பங்குண்டு என்னும் எண்ணம் அன்று புதுமையானது. ஆனால் முதலில் ஒதுக்கிய உயர் அதிர்வெண்ணுக்குரிய கருவிகள் விலை மிகுந்தவை, வாங்குவோர் குறைவு. எனவே 1958-இல், அமெச்சூர்களிடமிருந்த 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியை எடுத்து, 23 அலைவரிசைகளாகப் பகுத்துப் பொதுமக்களுக்குத் தந்தார்கள். 'சிட்டிசன்ஸ் பேண்ட்', சுருக்கமாகச் சி.பி. என்று புகழ்பெற்றது இதுதான்.

தந்தவர்கள் கூடவே விதிகளையும் தந்தார்கள். உரிமம் வேண்டும். பேசும்போது அழைப்புக் குறியைச் சொல்ல வேண்டும். வெட்டிப்பேச்சு கூடாது. வேறொருவரின் நிலையத்தோடு ஐந்து நிமிடத்துக்குமேல் தொடர்ந்து பேசலாகாது. கருவியின் வெளியீட்டாற்றலுக்கும் எல்லையுண்டு. அது பின்னாளில் 4 வாட் என நிலைபெற்றது. ஏரியலின் உயரத்துக்குங்கூட அளவு வகுத்திருந்தார்கள்.

இந்த 4 வாட் என்பதைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஒரு சிறு இரவு விளக்கின் ஆற்றல்தான். இடத்தைப் பொறுத்துச் சில கிலோமீட்டர் முதல் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்வரை கேட்கும். அவ்வளவு போதுமா என்று வியக்கலாம். போதும் என்பதே விதியின் உட்பொருள். என் குரல் ஊர் எல்லையைத் தாண்டாமல் இருந்தால்தான் அதே அலைவரிசையில் அடுத்த ஊரார் பேச முடியும். ஒருவர் கள்ளத்தனமாக ஆற்றல் பெருக்கியைப் பூட்டி நூறு வாட்டில் முழங்கினால், சுற்றுவட்டாரத்தின் மெல்லிய குரல்கள் யாவும் அதனுள் அமிழ்ந்துபோம். இரண்டு அலைகள் மோதும்போது எழும் விசில் ஓசை மட்டுமே காதில் விழும். பக்கத்து வீட்டுக்காரர்க்கும் தொல்லைதான்: 27-இன் இரு மடங்கு 54 அல்லவா? அமெரிக்கத் தொலைக்காட்சியின் இரண்டாம் அலைவரிசை அந்த 54 மெகாஹெர்ட்ஸில்தான் தொடங்கிற்று. சரியாக வடிகட்டப்படாத சி.பி. கருவி, அண்டை வீட்டுப் படத்தில் கோடுகளை இழைத்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. இவ்வகைக் கருவியில் பேசுவதற்குப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியிருக்கும்வரை அவர் எதையும் கேட்க இயலாது. பேசுகிறவர் அந்நேரத்துக்குச் செவிடர். அவர் பேசும் அந்த நொடியில் வேறொருவர் உதவி கேட்டுக் கதறினாலும் அவருக்குத் தெரியவே தெரியாது.

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் தட்டுப்பாடு, 1974-இன் தொடக்கத்தில் அமெரிக்கா முழுமைக்கும் மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்புச் சட்டம். நேரத்தோடு போட்டியிட்டுப் பிழைக்கும் லாரி ஓட்டுநர்கள், எரிபொருள் எங்கே கிடைக்கும், காவலர் எங்கே மறைந்து நிற்கிறார் என்று ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ளச் சி.பி.யை நாடினார்கள். வேலைநிறுத்தங்களையும் அதன்வழியே ஒருங்கிணைத்தார்கள். பிறகு நாடே அவர்களைப் பின்பற்றியது. 1976-இல் 'கான்வாய்' என்ற லாரிப் பாட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1977-இல் 'ஸ்மோக்கி அண்ட் தி பேண்டிட்' திரைப்படம் வெளிவந்தது. அதிபரின் துணைவியார் பெட்டி ஃபோர்டுகூட 'முதல் அம்மா' என்று பொருள்படும் புனைபெயரில் சி.பி.யில் பேசினார். உரிம விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்தமையால், ஆணையம் தற்காலிக அனுமதியைக் குடிமக்களே எழுதிக்கொள்ளச் செய்தது: 'கே' என்ற எழுத்து, உங்கள் பெயரின் முதலெழுத்துகள், அஞ்சல் குறியீட்டெண். அதுவே அழைப்புக் குறி! 1977 சனவரி முதல் நாளில் 23 அலைவரிசைகள் 40 ஆயின.

விதி என்னவாயிற்று? சொல்லவா வேண்டும்! வெட்டிப்பேச்சுத் தடை முதலில் காற்றில் பறந்தது. ஆணையமே பின்னர் அதைத் தளர்த்திற்று. ஆற்றல் பெருக்கிகள் பரவலாக விற்பனையாயின. 1978-இல் அவற்றின் உற்பத்திக்கும் விற்பனைக்கும் தடை வந்தது. கோடிக்கணக்கானோர் பேசும் வெளியை ஒருசில அதிகாரிகள் காவல் காப்பது நடவாத காரியம்.

வேடிக்கைக் கதையாகச் சி.பி.யை எழுதுவோர் இவ்விடத்தில் முடித்துவிடுவர். நான் சொல்ல வந்ததோ அந்த நாற்பதுள் ஒன்றைப் பற்றி.

1962-இல் சிகாகோவில் ஹென்றி கிரீர் என்பவர் 'ரியாக்ட்' என்ற தொண்டர் அமைப்பைத் தோற்றுவித்தார். அவசரத்தில் அழைப்போர்க்கு யாரேனும் மறுமொழி சொல்ல வேண்டும். அதற்கு யாரேனும் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதுவே நோக்கம். ஊர்தோறும் குழுக்கள் அமைந்தன. உறுப்பினர்கள் முறைவைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். விபத்து, பழுதான வண்டி, வழி தவறியவர் என எது வந்தாலும் தொலைபேசியை எடுத்துக் காவலருக்கோ மருத்துவமனைக்கோ சொல்வார்கள். ஊதியம் இல்லை. இவர்களது கண்காணிப்புக்கு இசைவாக, 1970-இல் ஆணையம் ஒன்பதாம் அலைவரிசையை அவசரத்துக்கும் பயணிகளின் உதவிக்கும் மட்டுமென ஒதுக்கியது. மற்றபடி யாரும் அதில் பேசலாகாது.

இவ்விதியையும் மீறியோர் இருந்தார்கள், மறைப்பதற்கில்லை. ஆயினும் விதிமீறலே பெருமையென்று திரிந்த அதே கூட்டத்தில் மிகப் பலர் ஒன்பதை மட்டும் விட்டுவைத்தார்கள். காவலரிடமிருந்து தப்ப 19-ஆம் அலைவரிசையில் எச்சரிக்கை கொடுத்த ஓட்டுநர், சாலையில் ஒரு வண்டி கவிழ்ந்து கிடந்தால் ஒன்பதுக்கு மாறித் தகவல் சொல்வார். அச்சத்தால் கீழ்ப்படிந்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நாளைக்குத் தமக்கும் அது தேவைப்படும் என்பதை நெடுஞ்சாலை அவர்களுக்கு உணர்த்தியிருந்தது.

1978-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அத்தேவை வந்தது. சனவரி 26-ஆம் நாள் விடியலில் ஒஹாயோ மாநிலத்தைப் பனிப்புயல் தாக்கியது. கிளீவ்லாந்தில் காற்றழுத்தம் 958 மில்லிபாருக்கு இறங்கியது; வெப்பமண்டலச் சூறாவளிகளில் காணும் அளவு அது. காற்று மணிக்கு 130 கிலோமீட்டரைத் தொட்டது. ஒஹாயோ சுங்க நெடுஞ்சாலை தன் வரலாற்றிலேயே முதன்முறையாக மூடப்பட்டது. அம்மாநிலத்தில் மட்டும் 51 பேர் மாண்டனர். மான்ஸ்ஃபீல்டு நகருக்கு அருகே லாரி ஓட்டுநர் ஒருவர், பனிக்குள் புதையுண்ட தம் வண்டியிலேயே ஆறு நாள் கிடந்து, பனியைத் தின்று உயிர் தரித்து மீட்கப்பட்டார். பதினொரு நாள் கழித்து, பிப்ரவரி 6, 7-இல், மற்றொரு பனிப்புயல் வடகிழக்கைத் தாக்கிற்று. பாஸ்டனில் 69 சென்டிமீட்டர் பனி. அந்நகரைச் சுற்றும் 128-ஆம் சாலையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களும் ஐந்நூறு லாரிகளும் அசையாமல் நின்றுவிட்டன. வெப்பத்துக்காக இயந்திரத்தை ஓடவிட்டுக் காருக்குள் அமர்ந்திருந்தோருள் 14 பேர், புகைக்குழாய் பனியால் அடைபட்டமையால், கார்பன் மோனாக்சைடு நஞ்சேறி இறந்தார்கள்.

கைப்பேசி இல்லாத காலம் அது. மின்கம்பங்கள் சாய்ந்தன. ஆனால் வண்டியின் 12 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் சி.பி.க்குக் கம்பமும் வேண்டா, இணைப்பகமும் வேண்டா. நான்கு சக்கர இயக்க வண்டி வைத்திருந்தோரும் பனிச்சறுக்கு வண்டி வைத்திருந்தோரும் சி.பி. வழியே செய்தி பெற்று, செவிலியரை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்தார்கள். மருந்தையும் உணவையும் வீடுகளுக்கு எடுத்துச் சென்றார்கள். 4 வாட் குரல்தான். எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் உறங்காமல் கேட்டுக்கொண்டிருந்ததாலும், மற்றவர்கள் அவ்வேளையில் வாய்மூடி இருந்ததாலும் அது சென்று சேர்ந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. கிள்ளான் பள்ளத்தாக்கில் விடாமழை. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் நீர் கூரையை எட்டிக்கொண்டிருந்தது. அன்று எங்களுக்கு ஒரே ஒரு புலனக் குழுதான். அப்பகுதியில் குடியிருந்த ஒரு மாணவியின் தாயார் மாலையில் குழுவில் எழுதினார்: கீழ்த்தளம் மூழ்கிவிட்டது, மாமனார் படுத்த படுக்கை, படகு வைத்திருப்போர் யாரையாவது தெரியுமா? வீட்டு எண்ணையும் கொடுத்திருந்தார். அதன் பிறகு அவருடைய கைப்பேசி அணைந்துவிட்டது.

அச்செய்திக்குக் கீழே என்னென்ன வந்தன தெரியுமா? வெள்ளக் காணொலிகள். எந்த ஊர் என்றே தெரியாத படங்கள். அணை உடையப்போகிறது என்ற வதந்தி. அதை மறுத்து ஒருவர். மறுத்தவரை மறுத்து மற்றொருவர். கைகூப்பும் சின்னங்கள் நூற்றுக்கும் மேல். நானும் ஒரு காணொலியைப் பகிர்ந்தேன், நல்லெண்ணத்தோடுதான் பகிர்ந்தேன். அத்தாயின் வேண்டுகோளை நான் கண்டபோது மூன்று மணி நேரம் கடந்திருந்தது. அத்தனை நேரமும் குழு ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தது. பொத்தானை அழுத்தியவர்க்குக் காது கேளாது என்று மேலே எழுதினேனே, அது அன்று எனக்கும் பொருந்தியது.

இரவு முழுதும் யார் யாரையோ அழைத்தோம். மறுநாள், எங்கள் குழுவுக்குத் தொடர்பே இல்லாத ஒரு மீன்பிடிப் படகுக்காரர் அக்குடும்பத்தை மாடியிலிருந்து இறக்கினார். பெரியவரும் உயிரோடு வந்தார். அந்தத் தாயார் இன்றுவரை எங்களை ஒரு சொல் குறை கூறியதில்லை.

பள்ளி திறந்ததும் இரண்டாவது குழுவைத் தொடங்கினோம். விதிகள் மூன்று. உதவி வேண்டுவோர் மட்டுமே எழுதலாம்: இடம், எத்தனை பேர், என்ன தேவை. பார்த்தவர் அங்கே பதில் எழுதாமல் நேரே அழைக்க வேண்டும். மழைக்கால இரவுகளில் இருவர் முறைவைத்துக் கைப்பேசியைத் தலைமாட்டில் ஒலியுடன் வைத்திருப்பர். மூன்றாவதை ஏற்கத்தான் ஆள் கிடைப்பார்களா என்று ஐயுற்றேன். முதலில் பெயர் கொடுத்தவர் அந்தத் தாயார்.

பெற்றோர் சிலர், கைப்பேசிக் கோபுரமே பழுதானால் என்ன செய்வது, வாக்கி டாக்கி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. இணையக் கடைகளில் மலிவாய்க் கிடைப்பவற்றுள் பல, மீட்புப்பணியாளரின் அலைவரிசைகளிலும் புகுந்து பேசவல்லவை, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பொதுமக்கள் பயன்பாட்டுக்குரிய அலைவரிசைக் கருவியா, சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாங்கியபின் எந்த அலைவரிசையில், எந்த நேரத்தில், யார் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதைத் தெருவாசிகள் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். அது இல்லையேல் கருவி வெறும் விளையாட்டுப் பொருளே.

அமெரிக்காவில் 1983-இல் சி.பி.க்கு உரிமமே தேவையில்லை என்றாயிற்று. பின்னர்க் கைப்பேசி வந்தது, ஆரவாரம் அடங்கியது. 4 வாட் வரம்பும் ஒன்பதாம் அலைவரிசையின் ஒதுக்கீடும் விதிப்புத்தகத்தில் இன்றும் உள்ளன.

எங்கள் குழுவில் ஒருமுறை மட்டும் விடியற்காலையில் ஒரு தாமரைப் படம் வந்தது. 'இனிய காலை வணக்கம்' என்று எழுதியிருந்தது. அனுப்பியவர் உடனே அதை அழித்துவிட்டார். அதற்குள் முறைக்காவலில் இருந்த ஒருவர் அவரை அழைத்து, "என்னங்க, வீட்டில் தண்ணீர் ஏறிவிட்டதா?" என்று கேட்டுவிட்டிருந்தார்.