வளவில் நிற்கும் வரலாறு

வீட்டு வளவில் மரம் வைப்பது சிறு கருமமென்றே பலர் எண்ணுவர். எனினும், எந்த மரத்தை எங்கே வைப்பது என்னும் தெரிவு எம்முன்னோர் பல தலைமுறையாகப் பட்டறிந்து செய்த தெரிவாகும். யாழ்ப்பாணத்துப் பழைய வளவொன்றின் படலையைத் திறந்து உட்புகுவோமாயின், அங்கு நிற்கும் மரங்களே இந்நாட்டு வரலாற்றின் ஒரு பகுதியை எமக்குச் சொல்லும்.

முதலில் நிலத்தின் இயல்பை நோக்குவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மேலே மெல்லிய மண், கீழே சுண்ணாம்புக்கல். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழையே கிணறுகளை நிரப்பும். எஞ்சிய மாதங்களில் வெயிலைத் தாங்கவல்ல மரமே அங்கு நிலைக்கும். ஆதலினாலேயே முற்றத்தில் வேம்பும், பின்வளவிற் பனையும், வேலியிற் பூவரசும் கிளுவையும் இடம்பெற்றன. வேம்பு நிழல் தந்தது. அதன் பூ வடகமாயிற்று. அதன் பலகையைச் செல் எளிதில் அரிப்பதில்லை. வேலியில் வெட்டிய பூவரசங் குழை தோட்டத்துக்குப் பசளையாயிற்று. கிணற்றடியில் வீணே ஓடும் நீரை வாழையும் தென்னையும் தேசியும் பருகின. ஒவ்வொரு மரமும் ஒரு தேவை கருதியே நின்றது.

மரத்தை ஒட்டி எழுந்த வழக்குகளும் பல. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707 ஆம் ஆண்டு, கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்தளித்த தேசவழமையில், பிறர் நிலத்தில் மரம் நட்டவனுக்குரிய பங்கு யாது, அயலவன் காணிக்குட் சாய்ந்த மரத்தின் பயன் யாருக்குரியது என்பன பற்றியும் விதிகள் உள. மரம் குடும்பத்தின் சொத்தாக எண்ணப்பட்டமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி, விருந்தினராய் வந்து வீட்டாராகிவிட்ட மரங்களைக் காண்போம். கொய்யா, பப்பாசி, அன்னமுன்னா, மரமுந்திரிகை ஆகியன அமெரிக்கக் கண்டத்துக்குரியவை. போர்த்துக்கேயர் 1505 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தனர். 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அவர்தம் கப்பல் வழியாகவே இத்தகைய பழமரங்கள் கீழைத்தேயங்களிற் பரவின. மரமுந்திரிகையை நாம் கசு என்றும் வழங்குகிறோம்; அச்சொல்லும் போர்த்துக்கேயர் தந்ததே. ஈரப்பலாவின் தாயகமோ பசுபிக் பெருங்கடற் பகுதி. வேலியிற் செழித்து நிற்கும் சீமைக்கிளுவையும் நடு அமெரிக்காவிலிருந்து வந்ததே. ஆட்சியாளர் போயினர், அவர் காலத்து மரங்கள் எங்கள் பிள்ளைகளுக்குப் பழம் தந்துகொண்டு நிற்கின்றன.

தென்னிலங்கை வளவுகளில் முதலிடம் பெற்றது பலா. 1660 ஆம் ஆண்டு கண்டியரசனாற் சிறைப்படுத்தப்பட்டு, 1679 இல் தப்பிச்சென்ற ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தமது நூலில், பலா மக்களின் உணவிற் பெரும்பங்காய் இருந்ததை எழுதியுள்ளார். பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ் இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர். 1915 ஆம் ஆண்டுக் கலவர காலத்தில் ஆங்கில ஆட்சியினராற் சிறையிடப்பட்ட அவர், பின்னர் நாடெங்கும் பலா நடும் இயக்கத்தை நடத்தினார். மக்கள் அவரைக் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா, என அன்புடன் அழைத்தனர். 1942 இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரிசி பங்கீட்டுக்கு உள்ளாகிய அந்நாட்களில், வளவிற் பலா நின்ற வீட்டில் உலை கொதித்தது. 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதற் கட்டுப்பாட்டுச் சட்டம், அனுமதியின்றிப் பலாவைத் தறித்தலாகாது என்று விதித்தமை பொருத்தமேயன்றோ?

வடக்கில் அவ்விடத்தைப் பெற்றது பனை. கிழங்கு, நுங்கு, பதநீர், பனாட்டு, ஓலை, மரம் என அதன் பயன் விரியும். வில்லியம் பேர்கசன் என்பார் 1850 ஆம் ஆண்டிலேயே பனையைப் பற்றித் தனிநூல் ஒன்று வெளியிட்டார். ஆயினும், 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரில் காவலரண் அமைக்கத் தறிக்கப்பட்ட பனைகள் பல. எறிகணையால் தலையிழந்து நின்றவை பல. இடம்பெயர்ந்தோர் ஆண்டுகள் பல கழித்துத் தம் வளவுக்கு மீண்டபோது, கிணறும் அத்திவாரமுமே எஞ்சியிருக்கக் கண்டனர். நிழலின்றி நின்ற அவர்கள் முன் எழுந்த வினா இதுவே: எதை முதலில் நடுவது?

அவ்வினாவுக்குப் பழைய வளவே விடை தருகிறது. முருங்கைக் கொம்பை ஊன்றினால் ஓராண்டளவிற் காய் காணலாம், பப்பாசியும் அவ்வாறே. ஒட்டுக் கறுத்தக்கொழும்பான் மா மூன்று நான்கு ஆண்டுகளிற் காய்க்கத் தொடங்கும். பலாவும் ஈரப்பலாவும் பரந்து வளர்வன. அவற்றைச் சுவருக்கும் கிணற்றுக்கும் தூரத்தே வைத்தல் வேண்டும். பனையோ பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் பொறுக்கச் செய்யும். அது பூக்கும் வரை ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. எனவே முதியவர் ஒருவர் பனங்கொட்டை புதைப்பாராயின், அதன் நுங்கைத் தாம் உண்ணலாமென்று எண்ணி அவர் புதைப்பதில்லை.

நேயர்களே, இன்றைய பசிக்கு முருங்கை, நாளைய நிழலுக்கு வேம்பு, பேரப்பிள்ளைக்குப் பனை. இம்மூன்றையும் ஒரே மழையில் நட்டவர்களே எம்முன்னோர். வரும் மாரியில், உங்கள் வளவில், நீங்கள் காய் பறிக்கப்போகாத மரமொன்றையும் நட்டு வைப்பீர்களாக.