ஒரு பக்கம் ஒட்ட வேண்டும், ஒரு பக்கம் ஒட்டக் கூடாது

1958இல் அமெரிக்காவே இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தது. ஹூலா ஹூப் என்கிற பிளாஸ்டிக் வளையம்தான் அந்த ஆண்டின் பைத்தியம். பிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனம் மார்லெக்ஸ் என்று பெயரிட்டு விற்ற பாலிஎத்திலீன், அந்த வளையங்களாகத்தான் முதலில் வீடு வீடாகப் போனது. அதே ஆண்டில், ஹூஸ்டன் நகரில் ஃபிரான்சிஸ் அஷர் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் இன்னொரு விஷயத்தை எழுதினார். அதே மார்லெக்ஸை நூலாக்கி, வலையாக நெய்து, நோயாளிகளின் வயிற்றுச் சுவரில் வைத்துத் தைத்த கதை அது.

பிலிப்ஸ்காரர்களுக்கு மருத்துவம் கனவில்கூட இல்லை. 1951இல் ஹோகன், பேங்க்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் புரோப்பிலீன் வாயுவிலிருந்து பெட்ரோல் செய்யப் பார்த்தார்கள். குழாயை அடைத்துக்கொண்டு வெள்ளையாக ஏதோ வந்தது. அதுதான் பாலிபுரோப்பிலீன். மாமாக் கடை நாற்காலி, தாப்பாவ் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் 5 என்ற எண், எல்லாம் அதுதான். கொஞ்ச நாளில் அதே வழியில் அடர்த்தியான பாலிஎத்திலீனும் கிடைத்தது.

அஷருக்கு ஏன் வலை தேவைப்பட்டது? குடலிறக்கம் கிருமியால் வருவதில்லை. அது சுவரில் விழும் ஓட்டை. வயிற்றுத் தசை பலவீனமான இடத்தில் விலகிக்கொடுக்க, உள்ளே இருக்கிற குடலோ கொழுப்போ பிதுங்கி வருகிறது. நெடுங்காலம் இதற்கு இடுப்பில் இறுக்கிக் கட்டும் பட்டைதான் கதி. 1880களில் இத்தாலியின் பதுவா நகரில் எதுவார்தோ பசினி, தொடையிடுக்கில் விலகிய தசை அடுக்குகளை ஒழுங்காக இழுத்துச் சேர்த்துத் தைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். பெரிய பாய்ச்சல். ஆனால் கிழிந்த கைலியின் இரண்டு ஓரத்தையும் இழுத்துத் தைத்துப் பாருங்கள். தையல் பக்கத்திலேயே மறுபடி கிழியும், ஏனென்றால் துணி இழுபட்டே நிற்கிறது. பாட்டிகள் இதற்கு ஒட்டுப்போட்டார்கள். மருத்துவர்களுக்கும் அது தெரியும். ஒட்டுத் துணிதான் கிடைக்கவில்லை.

வெள்ளிக் கம்பியில் வலை பின்னி வைத்தார்கள். டான்டலம் வைத்தார்கள். துருப்பிடிக்காத எஃகு வைத்தார்கள். மூன்றும் தோற்றதில் ஒரு பொறியாளனுக்கு ஆச்சரியமில்லை. இருமினால், குனிந்தால், சிரித்தால் வயிறு வளைகிறது. பேப்பர் கிளிப்பை முன்னும் பின்னும் வளைத்தால் என்ன ஆகுமோ அதுதான் உலோக வலைக்கும் ஆனது. அடியில் படித்த 'களைப்பு முறிவு' பாடம், மனித உடம்பில்.

பிளாஸ்டிக் நூல் வளைந்து கொடுத்தது. ஆனால் அஷரின் முதல் வலை கிருமி நீக்கும் நீராவிக் கொப்பரைக்குத் தோதாக இல்லை, வெட்டினால் ஓரம் பிரிந்தது. 1960களின் தொடக்கத்தில் அவர் பாலிபுரோப்பிலீனுக்கு மாறினார். நெய்வதை விட்டுப் பின்னலுக்குப் போனார். நெசவுக்கும் பின்னலுக்கும் உள்ள வித்தியாசம் வேட்டிக்கும் பனியனுக்கும் உள்ள வித்தியாசம். பின்னல் இரண்டு பக்கமும் நெகிழும், ஓரம் பிரியாது. இன்னும் முக்கியமானது, கண்களின் வழியாக உடம்பின் திசு உள்ளே வளர்ந்து நூலைச் சுற்றிக்கொண்டது. வலை வெறும் கம்பிக்கட்டு. சிமெண்டை ஊற்றுவது உடம்பு.

ஊர் இதை ஏற்க ரொம்ப நாள் எடுத்தது. 1989இல் லாஸ் ஏஞ்சலிஸில் லிக்டன்ஸ்டைனும் கூட்டாளிகளும், எதையும் இழுத்துத் தைக்காமல் ஓட்டையின் மேல் வலையைப் படுக்க வைக்கும் முறையை வெளியிட்ட பிறகுதான் அது பொது வழக்கமானது.

பிறகு ஒரு தப்பான கேள்வி வந்து உட்கார்ந்தது: வலை எவ்வளவு பலமாக இருக்க வேண்டும்? எல்லாரும் 'முடிந்த அளவு' என்றுதான் நினைத்தார்கள். 1990களில் ஜெர்மனியின் ஆகன் நகரில் கிளிங்கேயும் சக ஆய்வாளர்களும் கணக்குப் போட்டார்கள். ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு சுமார் 16 நியூட்டன் இழுவையைத் தாங்கினால் வயிற்றுக்குப் போதும். அன்றைய கனமான வலைகள் அதைப்போலச் சில மடங்கு தாங்கின. தேவையில்லாத பலம் என்றால் தேவையில்லாத பிளாஸ்டிக். ஒவ்வொரு நூலைச் சுற்றியும் உடம்பு தழும்பைக் கட்டுகிறது. கண் சிறிதானால் பக்கத்துத் தழும்புகள் கைகோர்த்து ஒரே பலகையாகி விடும். சிலருக்கு வயிற்றில் அட்டை வைத்துத் தைத்தது மாதிரி இருந்தது இதனால்தான். கண்களைப் பெரிதாக்கி, நூலைக் குறைத்து, இலேசான வலைகள் வந்தன.

இதுவரை சொன்னதெல்லாம் சுவருக்குள்ளே, தசை அடுக்குகளுக்கு நடுவே வைக்கும் வலை. 1990களில் வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியாகச் செய்யும் சிகிச்சை பரவியபோது, வலையைச் சுவரின் உள்பக்கமே ஒட்ட வைத்தார்கள். இப்போது வலையின் ஒரு முகம் சுவரைப் பார்க்கிறது, இன்னொரு முகம் குடலைப் பார்க்கிறது. சுவரில் ஒட்டிக்கொள்ளும் அதே குணம் குடலிலும் ஒட்டும். காலப்போக்கில் குடலை அரித்து ஓட்டையே போடலாம்.

பூச்சு வந்தது இங்கேதான். எனக்கு இதில் பிடித்தது நேரக் கணக்கு. வயிற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு காயம்பட்டால் சுமார் ஒரு வாரத்தில் புதிதாக மூடிக்கொள்ளும். வலையின் மேலும் அது படரும். ஆகவே குடல் பக்கப் பூச்சு என்றென்றைக்கும் இருக்க வேண்டியதில்லை. அந்த வாரத்தைத் தாண்டிக் கரைந்தால் போதும். கொலாஜன், ஹயலுரோனிக் அமிலம், செல்லுலோஸ் என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொன்றைப் பூசியது. காகிதத்தில் அழகான வடிவமைப்பு.

அப்படி வந்த ஒன்றுதான் எத்திகான் நிறுவனத்தின் பிசியோமெஷ். இலேசான பாலிபுரோப்பிலீன் வலை, இரண்டு பக்கமும் கரையும் படலம். அமெரிக்காவில் 2010இல் அனுமதி கிடைத்தது. ஏற்கெனவே சந்தையில் உள்ள பொருளுக்கு நிகரானது என்று காட்டினால் போதும் என்கிற வழியில் வந்த அனுமதி அது. 2016 மே மாதம் நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. ஜெர்மனி, டென்மார்க் பதிவேடுகளில், மற்ற வலைகளைவிட இதை வைத்தவர்களுக்குக் குடலிறக்கம் திரும்ப வருவதும் மறு அறுவையும் அதிகம் என்று தெரிந்ததுதான் காரணம். ஒரே காரணம் என்று எதையும் நிறுவனம் சொல்லவில்லை. என் கண் மட்டும் அந்த 'இரண்டு பக்கமும்' என்ற வார்த்தையிலேயே நிற்கிறது. குடல் பக்கம் படலம் சரி. சிமெண்ட் ஊற வேண்டிய சுவர்ப் பக்கத்தையும் ஏன் மூட வேண்டும்? அங்கே தாமதமாகும் ஒவ்வொரு நாளும் வலை வெறும் ஆணியில் தொங்குகிறது. இதைக் கண்டுபிடித்தது ஆய்வுக்கூடமல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். வருடக்கணக்காக நோயாளிகளின் பெயருக்கு நேரே வலையின் பெயரையும் எழுதிவைத்த பதிவேடுகள் அவை.

அதே 2016, ஜனவரி. உகாண்டாவின் கிழக்கில் 302 ஆண்களுக்குத் தொடையிடுக்குக் குடலிறக்கத்தைச் சரிசெய்த ஆய்வு வெளியானது. ஒரு பாதிக்கு 125 டாலர் அளவிலான கம்பெனி வலை. மறு பாதிக்குக் கிருமி நீக்கிய கொசுவலை, விலை ஒரு டாலர் அளவு. ஓராண்டில் கொசுவலைக்காரர்களில் ஒருவருக்கு மட்டும் திரும்ப வந்தது, மற்றவர்களில் யாருக்கும் இல்லை. சிக்கல்கள் இரு தரப்பிலும் ஏறக்குறைய சமம். கொசுவலையை முதலில் இந்த வேலைக்கு இழுத்தவர் மகாராஷ்டிராவின் தோண்டாயிச்சாவில் மருத்துவம் பார்த்த டோங்காவ்ங்கர்.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்த முடியாது. உகாண்டா வலை சுவருக்குள் இருந்தது, குடலைத் தொடவில்லை. குடல் பக்கம் கொசுவலையை வைக்க யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அந்த வலையின் பொருள் பாலிஎத்திலீன், அஷர் முதலில் எடுத்த பிளாஸ்டிக்கின் நெருங்கிய சொந்தம். அது பின்னப்பட்ட ஊர் கரூர்.